ஐம்பூ மண்

ஷிகோ அகழாய்வு முகாம்
1988 ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு என்னை மன்னித்துவிடு. இப்படி ஒன்று நடந்த வீட்டுக்கு நூறு நாள் யாரும் கடிதம் போடுவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அப்பாவின் கடிதம் வந்தது. தினை விதைத்தது, கழுதைக்குக் காலில் புண் வந்தது எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் "கய்லிங்கின் குழந்தை இல்லை" என்று எழுதியிருந்தார். ஒன்பது நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

வசந்த விழாப் புத்தாண்டுக்கு வந்தபோது ஜாவ்ஜாவ் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

சாப்பிடுகிறாயா? அத்தானுக்குச் சுரங்கத்திலிருந்து விடுப்பு கிடைத்ததா? நான் நன்றாக இருக்கிறேன். இங்கே மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய சிற்றரசர் குடும்பத்தின் இடுகாட்டைத் தோண்டுகிறோம். கல்லூரி முடித்து வந்தவள் என்பதால் ஜேட் மணிகளைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு. மூங்கில் சீவலால் மண்ணை நீக்கி, எந்த மணி எந்த இடத்தில் கிடந்தது என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும். யாரிடமும் அதிகம் பேசத் தேவையில்லாத வேலை. எனக்குப் பொருத்தம் என்று நீயே சொல்வாய்.

பதில் போட முடியாவிட்டால் பரவாயில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
சூமின்


நான்யாவ்
1988 மே 3

சூமின்,

நலமா? நீ எழுதியது நல்லதாயிற்று. இங்கே யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. அவளுடைய துணிகளைக்கூட எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். உன் கடிதத்தில்தான் அந்தப் பெயரை எழுத்தில் பார்த்தேன்.

மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் அவள் இல்லை. உன் அத்தான் சுரங்கத்தில். அதனால் அப்பாதான் தூக்கிக்கொண்டு போனார், ஊரில் ஒரு அடுப்பும் புகைவதற்கு முன்னால். நான் கதவருகே நின்றேன். திரும்பி வந்து கையைக் கழுவிவிட்டுத் தினைக்கஞ்சி குடித்தார்.

"எந்தப் பக்கம் போனீங்கப்பா?" என்று கேட்டேன்.

"கஞ்சி ஆறிடுச்சு பாரு," என்றார்.

அவ்வளவுதான். நாங்கள் இருவரும் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறோம். பேசுவதில்லை. மார்பில் பால் கட்டி இருபது நாள் கல்லாக இருந்தது. பக்கத்து வீட்டு மாமி முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டிவிட்டாள். இப்போது வற்றிவிட்டது.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அவள் எந்த மேட்டில், எந்தச் சரிவில் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும். அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன். நீ படித்தவள், நீ கேட்டால் அப்பா சொல்வார். நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லாதே.

குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு இருக்காதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு விரல் வெடிக்கும்.

கய்லிங்


ஷிகோ
1988 மே 14

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கழுதையின் புண் ஆறியதா? இங்கே மழை இல்லை. சாப்பாடு பரவாயில்லை. காடி மட்டும் நம் வீட்டுக் காடி போலப் புளிப்பதில்லை.

அப்பா, ஒன்று கேட்கலாமா என்று தெரியவில்லை. நான் செய்யும் வேலை அப்படி என்பதால் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாவ்ஜாவை எந்தப் பக்கம் கொண்டுபோனீர்கள்? எனக்கு மட்டும் சொன்னால் போதும். தவறாகக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

பணிவுடன்,
சூமின்


நான்யாவ்
1988 ஜூன் 2

சூமின்,

உன் கடிதம் கிடைத்தது. கோதுமை அறுப்பு பத்து நாளில். கதிர் சுமார். கழுதை நடக்கிறது.

பல் முளைக்காத பிள்ளை போனால் தாய்க்கு இடம் சொல்லக்கூடாது. பால் வாசனையைத் தேடித் திரும்பி வரும். அடுத்த பிள்ளையும் தங்காது. கய்லிங்குக்கு முன்னால் உன் அம்மாவுக்கு இரண்டு போயின. அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

நீ படிக்கப் போனது இதைக் கேட்க இல்லை. இனிமேல் எழுதாதே, இதைப் பற்றி.

முதுகு பரவாயில்லை. வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

அப்பா


ஷிகோ
1988 ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அப்பாவிடம் கேட்டேன். கோதுமை அறுப்பு முடியட்டும், மறுபடி கேட்கிறேன். அதுவரை உனக்கு ஒன்று சொல்லவேண்டும். இதைச் சொல்ல வேண்டிய ஆள் நீதான் என்று தோன்றியது.

போன வாரம், அரச வீட்டுப் பெரிய பெண் ஒருத்தியின் புதைகுழிக்குத் தெற்கே, ஒரு சின்னக் குழி தெரிந்தது. என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அளந்தால் அதில் இரண்டு மடங்கு நீளம், அவ்வளவுதான். எங்களில் மூத்த தொழிலாளி பாவ் அண்ணன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்.

"சின்ன டீச்சர், ராஜாவத் தோண்டச் சொல்லுங்க, தோண்டறேன். பால்குடிய எழுப்பற வேலை எனக்கு வேணாம்."

சமையல்கார குயே அத்தை தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் சும்மா இருக்கவில்லை. "ஏன்டா பாவ், எழுந்தா உன்கிட்டயா வந்து பால் கேக்கப்போவுது? உன் மூஞ்சியப் பாத்தா அதுவே திரும்பப் படுத்துக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் இறங்கவில்லை. நான் இறங்கினேன்.

எலும்பு ஏறக்குறைய ஒன்றும் இல்லை, அக்கா. இறந்தவர் மேல் தூவும் சாதிலிங்கப் பொடியின் சிவப்பு மட்டும் மண்ணில் பரவியிருந்தது. அதன் நடுவில் ஏழு சூதுபவள மணிகளும், என் சுண்டுவிரல் அளவில் ஒரு ஜேட் மீனும். மீன் வளைந்திருந்தது. வாலில் பாதித் துளை. மீனுக்கு எதற்கு வாலில் பாதித் துளை என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு பக்கத்தில் செதில் கோடுகள், அவையும் மீனின் செதில்களாக இல்லை. எங்கேயோ தொடங்கிப் பாதியில் அறுந்து நின்றன.

பிறகு அந்தப் பெரிய பெண்ணின் மார்பு மாலையைத் தட்டில் அடுக்கும்போது புரிந்தது. அந்த மாலையில் வில் போல வளைந்த ஜேட் துண்டுகள் மேலிருந்து கீழாக ஒன்றைவிட ஒன்று பெரிதாக ஐந்து இருக்கவேண்டும். நான்குதான் இருந்தன. மேலிருந்து இரண்டாவது இல்லை. அந்த இடத்தில் வெறும் மணிகளைக் கோத்து இடைவெளியை நிரப்பியிருந்தார்கள். நான் மீனை அதற்கு மேலே இருந்த துண்டின் பக்கத்தில் வைத்தேன். கல்லுக்குள் ஓடும் பழுப்பு மேகம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்ந்து போயிற்று. ஒரே கல்லை அறுத்தவை. அந்தப் பாதித் துளை பழைய துண்டைக் கோத்த துளையின் மிச்சம், அந்தச் செதில் கோடுகள் அதில் செதுக்கியிருந்த நாகத்தினுடையவை.

அக்கா, அவள் தன் மார்பு மாலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அறுத்து மீன் செய்து பிள்ளையோடு வைத்திருக்கிறாள். பிறகு குறையோடே அந்த மாலையைக் கடைசிவரை போட்டிருக்கிறாள். பக்கத்திலேயே படுத்திருக்கிறாள்.

இதைப் படித்து அழுதால் அழு. நான் அழுதேன். குயே அத்தை வெங்காயத்தின் மேல் பழிபோட்டு என்னைக் காப்பாற்றினாள்.

உன் நலம் எழுது.

சூமின்


நான்யாவ்
1988 ஜூலை 11

சூமின்,

உன் கடிதத்தைப் பதினொரு முறை படித்தேன். நீ எழுதிய பிறகுதான் கொஞ்சம் சாப்பிடுகிறேன். நேற்று தலை சீவிக்கொண்டேன். அப்பா பார்த்தார்.

எனக்குச் சிலது தெரியவேண்டும். அந்தச் சின்னக் குழியை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? மேலே மேடு இருந்ததா? மூவாயிரம் வருடம் ஆகியும் மண்ணில் ஒரு இடம் தோண்டியது, ஒரு இடம் தோண்டாதது என்று எப்படித் தெரியும்? எவ்வளவு ஆழம்? மூங்கில் சீவல் இல்லாமல் செய்ய முடியுமா?

நாங்கள் இங்கே நலம். இந்த வருடம் இலந்தை நன்றாகக் காய்த்திருக்கிறது.

உன் அக்கா


ஷிகோ
1988 ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாப்பிடுகிறாய் என்று படித்ததும் குயே அத்தையிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் எனக்கு நூடுல்ஸில் இரண்டு முட்டை போட்டாள். என் வேலையைப் பற்றி என் வீட்டில் ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மேடு எதுவும் தேவையில்லை. தோண்டாத மஞ்சள் மண் ஒரே நிறமாக, வெட்டினால் வெண்ணெய் போல வழவழவென்று இருக்கும். ஒரு தடவை தோண்டி மூடிவிட்டால் அவ்வளவுதான், மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துவிடும். கறுப்பு, மஞ்சள், சிவப்பு, வெள்ளைச் சுண்ணாம்புப் பொட்டு எல்லாம் சிதறிப் பூத்தது போல இருக்கும். தொழிலாளிகள் அதை ஐம்பூ மண் என்பார்கள். அந்தக் கலப்பு ஒரு நாளும் பழையபடி ஆகாது. எத்தனை ஆயிரம் வருடமானாலும்.

செய்முறை எளிது. முதலில் மேல்மண்ணை ஒரு சாண் சீவி எடுப்போம். தரையைச் சுத்தமாகச் சீவித் தண்ணீர் தெளித்துவிட்டு, சாய்ந்த வெயிலில் பார்க்கவேண்டும். ஈரத்தில் நிறம் எழும்பி நிற்கும். ஒவ்வொரு குழிக்கும் எண் கொடுத்து, வரைந்து, பிறகுதான் அடுத்ததுக்குப் போவோம். சீவல் இல்லையென்றால் பழைய கரண்டிகூடப் போதும். பொறுமைதான் முக்கியம். அது உனக்கு என்னைவிட அதிகம்.

இலந்தை பழுத்ததும் எனக்கு ஒரு கைப்பிடி அனுப்பு.

அன்புடன்,
சூமின்


நான்யாவ்
1988 ஆகஸ்ட் 21

சூமின்,

நலம். இதுவரை முப்பத்தேழு.

நீ சொன்னபடிதான் செய்கிறேன். கிழக்குச் சரிவு முடிந்துவிட்டது. எண் 9-இல் ஐம்பூ மண் தெரிந்தது. இரண்டு நாள் கரண்டியால் எடுத்தேன். யாரோ உருளைக்கிழங்கு புதைத்து வைத்த பழைய குழி. எண் 22-இல் எலும்பு. நாய். எண் 30, 31 இரண்டும் மரம் பிடுங்கின இடம். எல்லாவற்றையும் பள்ளி நோட்டில் வரைந்திருக்கிறேன்.

அப்பா என்னைத் தடுப்பதில்லை. சரிவின் கீழே உட்கார்ந்து புகை பிடிக்கிறார்.

ஒன்று மட்டும் சொல். ஐந்து மாதப் பிள்ளைக்கு எவ்வளவு ஆழம் தோண்டுவார்கள்? அந்த மீன் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று நீ எழுதவே இல்லை.

கய்லிங்


ஷிகோ
1988 செப்டம்பர் 2

அக்கா,

நிறுத்து. நீ வேலையைப் பற்றிக் கேட்கிறாய் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான். எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் இந்தப் படிப்பு ஒன்றுதான். அதைத்தான் உனக்கு எழுதினேன்.

நீ கேட்பாய் என்பதால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பல்லையும் இடுப்பெலும்பையும் பார்ப்பவர் நகரத்திலிருந்து வந்தார். அந்தப் பெரிய பெண் சாகும்போது ஐம்பது வயதுக்கு மேல். பிள்ளையின் குழியோ அவளுடையதோடு ஒரே சமயத்தில் வெட்டப்பட்டது. அவள் அதைப் பெற்றவளாக இருக்க முடியாது. எங்கள் தலைவர் ஆசிரியர் துவான் என் குறிப்பைப் படித்துவிட்டு, "கல்லு ஒண்ணுதான்னு கண்டுபிடிச்சது நீ. அதுல அம்மாவையும் பிள்ளையையும் யாரு கொண்டுவந்து வெச்சது? அதுவும் நீதானே?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பட்டறையில் மிச்சமிருந்த உடைந்த துண்டை யாரோ ஒரு வேலைக்காரன் மீனாக அறுத்திருக்கலாம். எந்தத் தாய், எங்கே இருந்தாள், ஒன்றும் தெரியாது. நான் கதை கட்டினேன், அக்கா. உனக்காகக் கட்டினேன்.

கெஞ்சிக் கேட்கிறேன். கரண்டியைக் கீழே வை.

சூமின்


நான்யாவ்
1988 அக்டோபர் 9

சூமின்,

கய்லிங் உனக்குப் பதில் போடமாட்டாள். உன் கடிதத்தைப் படித்தாள், மடித்தாள், மறுபடி சரிவுக்குப் போய்விட்டாள். எண் நூற்றுப் பதினாறு என்று சொன்னாள்.

அறுவடை முடிந்து மாப்பிள்ளை யுவான்சி சுரங்கத்திலிருந்து வந்தான். ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றான். "நீங்க பெத்த பொண்ணு, நீங்களே பாத்துக்குங்க மாமா," என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் அம்மா பனி விழுவதற்குள் இவளைக் கம்பி போட்ட ஆஸ்பத்திரியில் விடவேண்டும் என்கிறாள். நேற்று இவள் லியாங் வீட்டுப் பூண்டு வயலில் தோண்டிவிட்டாள். அவர்கள் வீட்டுக்காரி வாசலில் நின்று கத்தினாள். "உங்க வீட்ல ரெண்டு பொண்ணும் பொணந்தோண்டிங்களா? ஒண்ணு சர்க்கார் சம்பளத்துக்குத் தோண்டுது, இன்னொண்ணு சும்மாவே தோண்டுது!" ஊர் சிரித்தது.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். சொல்லாமல் இருந்திருப்பேன்.

பிள்ளையை நான் மேற்குப் பள்ளத்தில், செங்குத்துக் கரைக்குக் கீழே வைத்தேன். காற்று அடிக்காத இடம். என் பருத்திச் சட்டையில் சுற்றி வைத்தேன். மே மாதம் செங்கல் சூளைக்காரர்கள் அந்தக் கரையை வெட்ட ஆரம்பித்தார்கள். இடம் கேட்டு நீ எனக்கு எழுதிய வாரம் நான் போய்ப் பார்த்தேன். கரையும் இல்லை, பள்ளமும் இல்லை. மண் எல்லாம் சூளைக்குப் போய்விட்டது. கேட்டேன். "ஒரு சட்டை பாத்தீங்களா?" என்று. "பெருசு, நாங்க ஆயிரம் வண்டி மண்ணு பாத்தோம்," என்றான் ஒருவன்.

அந்தச் செங்கல் எந்த ஊர்ச் சுவரில் இருக்கிறதோ. இதை நான் அவளிடம் எப்படிச் சொல்வது? தோண்டுகிறாள், நான் கீழே உட்கார்ந்து பார்க்கிறேன். எங்கேயும் இல்லை என்று தெரிந்துகொண்டே பார்க்கிறேன்.

அன்றைக்கு நான் கஞ்சி குடித்தது பசியால் இல்லை.

அப்பா


ஷிகோ
1988 அக்டோபர் 20

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

வணக்கம். முதுகில் கம்பளித் துணி கட்டிக்கொள்கிறீர்களா? இங்கே விடியற்காலையில் வாளித் தண்ணீரில் பனி ஏடு கட்ட ஆரம்பித்துவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் தரை இறுகிவிடும், முகாமை மூடிவிடுவார்கள்.

உங்கள் கடிதத்தை யாரும் இல்லாத கிடங்கில் படித்தேன். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நீங்கள் சொல்லாமல் இருந்தீர்கள், நான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டில் எது அக்காவை அதிகம் கெடுத்தது என்று எனக்குத் தெரியும்.

உண்மையை அவளிடம் சொல்லவேண்டும் என்று ஆறு நாள் நினைத்தேன். சொன்னால் அவள் ஒரு சுவரையும் சும்மா விடமாட்டாள், அப்பா. பள்ளிக்கூடம், சந்தை, மாட்டுக்கொட்டில், எங்கே புதிய செங்கல் இருந்தாலும் போய்க் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயும் சுவர்தான்.

ஒன்று கேட்கப் போகிறேன். இதை ஆசிரியர் துவான் அறிந்தால் என் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார், அதில் தவறும் இல்லை. என் வேலையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. கேட்பதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. கல்லூரிக்குக்கூட நீங்களாகத்தான் அனுப்பினீர்கள்.

வடக்கே சரளைக் குன்று இருக்கிறதே, அந்த மண் செங்கல்லுக்கு ஆகாது. யாரும் ஒரு நாளும் வெட்டமாட்டார்கள். அக்காவும் அங்கே இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன். அவளை வெந்நீரில் கை வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரவைக்கப் பக்கத்து வீட்டு மாமியிடம் ஒரு நாள் சொல்லுங்கள். அன்றைக்கு நீங்கள் போய், காற்று அடிக்காத ஒரு மூலையில், இடுப்பளவு ஆழம், ஒரு முழம் அகலம், இரண்டு முழம் நீளம் வெட்டுங்கள். மேலே கிடக்கும் கறுப்பு மண்ணையும் அடியில் வரும் மஞ்சளையும் தனித்தனியாகக் குவிக்காமல் ஒன்றாகப் போடுங்கள். பிறகு அப்படியே திரும்பத் தள்ளி மூடி, காலால் மிதித்து, மேலே காய்ந்த புல்லைப் போட்டுவிடுங்கள். நன்றாகக் கலந்திருக்கவேண்டும். அவள் தண்ணீர் தெளித்துப் பார்ப்பாள்.

ஒரு குளிர்காலத்துப் பனி அதன் மேல் கிடக்கட்டும். அதுவரை அவளை யாரும் எங்கேயும் அழைத்துப்போக விடாதீர்கள், "வசந்தத்தில் சொல்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறந்தாலே அவள் காத்திருப்பாள். பனி கரைந்ததும் நான் வருகிறேன். நீங்கள் முன்னால் நடந்துபோய், ஜாவ்ஜாவ் இங்கேதான் என்று இடத்தைக் காட்டுங்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் மண்டியிட்டுப் பார்த்து, ஐம்பூ மண்தான் என்று சொல்வேன். அதற்கு மேல் தோண்டக்கூடாது என்றும் சொல்வேன். நான் சொன்னால் கேட்பாள்.

அப்பா, தரை இறுகுவதற்குள் அந்தக் குழியை வெட்டிவிடுங்கள்.

சூமின்